கோதாவரியில் கப்பல் விட நினைத்த துரை

ராஜமந்திரிக்கு மேலே கோதாவரி ஆற்றில் ஒரு படகு போகிறது. பெரிய விசைப்படகு. மேல்தட்டில் குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு அகன்று, அமைதியாக ஓடுகிறது. போகப் போக இரு கரைகளிலும் மலைகள் நெருங்கி வருகின்றன. பச்சைப் பசேலென்ற மலைகள். எதிரே வழியே இல்லாதது போல ஒரு மலை மறித்து நிற்கும். படகு கிட்டே போனதும் ஆறு சட்டென்று வளைந்து வழி விடும்.

இந்த மலைகளுக்குப் பாபி கொண்டலு என்று பெயர். தலைவாரும்போது எடுக்கும் வகிட்டுக்குத் தெலுங்கில் பாபிடி என்பார்கள். மலைக்கூட்டத்தை ஆறு வகிடு எடுத்தாற்போலப் பிரித்துக்கொண்டு போவதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. வழியில் பேரண்டாலப்பள்ளி என்ற கரையோர ஊர். அங்கே ஒரு சிவன் கோயில். இன்னும் மேலே போனால் ராமர் கோயில் கொண்ட பத்ராசலம்.

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து மக்கள் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ராஜமந்திரியில் போய் இறங்கலாம். பாலாற்றின் மணலையே பார்த்து வளர்ந்த கண்களுக்கு, இவ்வளவு தண்ணீர் ஓர் அதிசயம்தான்.

படகில் போகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரிந்திராது. இந்த மலை இடுக்கின் வழியாக, கடலிலிருந்து நடு இந்தியா வரைக்கும் நீராவிப் படகுகள் ஓட வேண்டும் என்று ஒரு மனிதர் கனவு கண்டார். அந்தக் கனவு பலிக்கவில்லை. ஆனால், அதே மனிதர் அதே ஆற்றில் செய்து முடித்த மற்றொரு வேலை இன்றும் லட்சக்கணக்கான மக்களுக்குச் சோறு போடுகிறது.

அவர்தான் சர் ஆர்தர் காட்டன். கோதாவரிக் கரை மக்களுக்குக் காட்டன் துரை.

பதினெட்டு வயதில் சென்னைக்கு

1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார் காட்டன். வீடு நிறையப் பிள்ளைகள். பதினொரு ஆண் பிள்ளைகளில் இவர் பத்தாவது. சொத்தை நம்பி உட்கார்ந்திருக்க வழி இல்லை. 15-வது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1819-ல் சென்னை எஞ்சினீயர் படையில் உத்தியோகம் கிடைத்தது. 1821-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18.

முதலில் அவரைத் தென் ஜில்லாக்களின் ஏரி இலாகாவில் உதவியாளராகப் போட்டார்கள். ஏரி, கரை, மதகு, கலங்கல் - இவைதான் அந்த இளைஞருக்கு முதல் பாடம். பாம்பன் கால்வாயை அளந்து ஆழப்படுத்தும் வேலையிலும் ஈடுபட்டார். 1824-ல் பர்மாவில் சண்டை மூண்டது. அங்கே போய்ப் போரிட்டுத் திரும்பினார்.

1828-ல் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய வாழ்க்கையின் திசையே அன்று முதல் மாறியது.

கல்லணை கற்றுக்கொடுத்தது

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென் கிளை காவிரி. வட கிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் சரிவு அதிகம். ஆகவே வெள்ளமெல்லாம் அந்தப் பக்கமே பாய்ந்து கடலுக்குப் போயிற்று. காவிரியின் படுகையில் மணல் ஏறிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் வயல்களுக்குப் போகும் தண்ணீர் ஆண்டுக்காண்டு குறைந்தது. சோழநாட்டின் நெற்களஞ்சியமே வறண்டு போகுமோ என்ற கவலை குடியானவர்களைப் பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்தின் குறுக்கே அணை போட்டாலொழிய வேறு வழி இல்லை.

ஆனால், மணலின்மேல் அணை நிற்குமா? இதுதான் கேள்வி. தோண்டத் தோண்ட மணல். பாறையே தட்டுப்படவில்லை.

விடை பக்கத்திலேயே இருந்தது. கரிகாற் சோழன் கட்டியதாக வழங்கும் கல்லணை பல நூற்றாண்டுகளாக மணலின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. காட்டன் அதை ஆராய்ந்தார். பழைய தமிழர்கள் பெரும் பாறைகளை மணலில் போட்டு, அவை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிலைத்த பிறகு, அதற்கு மேலே கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றதாகப் பிற்காலத்தில் காட்டனே ஒப்புக்கொண்டார். இந்நாட்டாருக்கு ஒன்றும் தெரியாது என்று பல வெள்ளையர் நினைத்த காலம் அது.

1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது இந்தக் கீழணையிலிருந்துதான். தஞ்சைக்கு மூச்சு வந்தது. அந்த மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நின்றது. 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில்தான் கொள்ளிடத்து மதகுகளில் சில இடிந்து விழுந்தன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

இந்தக் காலத்தில் காட்டன் செய்த மற்றொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை நகரத்துச் சாலைகளுக்குச் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர, 1837-ல் ஒரு சிறு இருப்புப் பாதை போடப்பட்டது. இந்தியாவில் ரயில் என்று சொல்லத்தக்க முதல் முயற்சி அதுவே. அதற்கும் காட்டன்தான் எஞ்சினீயர். பிற்காலத்தில் ரயிலுக்கு எதிராக வாதாடிய மனிதர், ரயிலைத் தெரியாமல் வாதாடவில்லை!

பஞ்சம் தின்ற பூமி

இந்த நாட்டு வெயிலும் காய்ச்சலும் காட்டனின் உடம்பை உருக்கிவிட்டன. ஓய்வுக்காக ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவுக்குப் போனார். 1841-ல் அங்கே எலிசபெத் லியர்மந்த் என்ற பெண்ணை மணந்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்த மகள்தான் பின்னாளில் தந்தையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர்.

திரும்பி வந்த காட்டனைக் கோதாவரி அழைத்தது.

அன்றைய கோதாவரி டெல்டா இன்றைய டெல்டா அல்ல. 1832-33-ம் ஆண்டுகளின் பஞ்சம் ஆந்திரக் கடற்கரையைச் சூறையாடியிருந்தது. பஞ்சம் போனால் வெள்ளம். வெள்ளம் போனால் பஞ்சம். 1821-ல் ராஜமந்திரி ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 7 லட்சத்து 38 ஆயிரம். 1841-ல் அது 5 லட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. செத்தவர்கள் பலர். ஊரை விட்டுப் போனவர்கள் பலர்.

நாசிக்குக்கு அருகே புறப்பட்டு 1,465 கிலோ மீட்டர் ஓடி வருகிற ஆறு கண் முன்னாலேயே கடலில் போய் விழுந்துகொண்டிருந்தது. கரையில் மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்தக் காட்சி காட்டனின் மனத்தை வாட்டியது. 1844-லும் அடுத்த ஆண்டிலும் சர்க்காருக்கு அறிக்கைகள் எழுதி அனுப்பினார். கம்பெனியாரைக் கருணை மட்டும் அசைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வரி எவ்வளவு கூடும் என்ற கணக்கையும் சேர்த்தே எழுதினார். 1846 இறுதியில் அனுமதி கிடைத்தது.

1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய கூர்மை தெரிகிறது. அங்கே ஆற்றின் நடுவே தீவுகள் இருக்கின்றன. அவற்றால் ஆறு நான்கு பிரிவாக ஓடுகிறது. தீவுகளையே துணைக்கு வைத்துக்கொண்டு, நான்கு துண்டுகளாகச் சுவர் எழுப்பினால் போதும். கட்டடத்தின் நீளம் மட்டும் கிட்டத்தட்ட 12,000 அடி. கல் வேண்டுமா? பக்கத்திலேயே தவளேஸ்வரம் மலை இருந்தது.

எஞ்சினீயர்கள் போதவில்லை. காட்டன் கேட்ட அளவுக்குச் சர்க்கார் ஆட்களைக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் வீணம் வீரண்ணா என்ற தெலுங்கர். ஆயிரக்கணக்கான கூலியாட்களைத் திரட்டி, அவர்களை வேலையில் நிறுத்தி வைத்தவர் அவர். அவருடைய உதவியைக் காட்டன் மறக்கவே இல்லை. கொளுத்தும் வெயிலில் கல் உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், வெள்ளத்தோடு போராடியவர்கள் எல்லாரும் அந்த நாட்டு ஏழைகளே. அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்லிலும் காண முடியாது.

நடுவில் காட்டன் மீண்டும் நோயில் விழுந்தார். 1848-ல் வேலையைக் காப்டன் ஆர் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். 1850-ல் திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது.

வாய்க்கால்கள் டெல்டா முழுவதும் ஓடின. கன்னவரம் என்ற இடத்தில் கோதாவரியின் ஒரு கிளையைத் தாண்டி வாய்க்காலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 49 வளைவுகள் கொண்ட ஒரு தொட்டிப் பாலத்தை ஹேய்க் என்ற இளம் எஞ்சினீயர் ஒரே பருவத்தில் கட்டி முடித்தார். கீழே ஆறு ஓடும். மேலே வாய்க்கால் ஓடும். வாய்க்காலில் படகும் ஓடும்! பார்த்தவர்கள் பிரமித்தார்கள்.

அடுத்து விஜயவாடாவில் கிருஷ்ணா நதிக்கும் அணை வந்தது. 1855-ல் அது முடிந்தது. திட்டம் காட்டனுடையது, கட்டியவர் ஆர்.

ரயிலா, படகா?

வாய்க்காலில் படகு ஓடியது என்று சொன்னோம் அல்லவா? அங்கேதான் காட்டனின் பெரிய கனவு இருந்தது.

தண்ணீர் பயிரை விளைவிக்கும். விளைந்ததை அதே தண்ணீர் சுமந்தும் போகும். ஒரு வேலைக்குச் செலவு செய்தால் இரண்டு பலன். மாட்டு வண்டி பல நாள் இழுக்கும் பாரத்தைப் படகு கொஞ்சம் கூலியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே இந்தியாவின் பெரிய ஆறுகளையெல்லாம் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்றார் காட்டன். ஆறுகளை இணைப்பது பற்றி இன்று பேசுகிறவர்கள் பலர். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் அவர் ஒருவர்.

அவருடைய கண் மேல் கோதாவரிமீது விழுந்தது. நடு இந்தியாவில் பேரார் சீமை பருத்திக்குப் பேர்போனது. அந்தப் பருத்தியைப் படகில் ஏற்றி, பாபி மலை இடுக்கின் வழியாகக் கடலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். தடையாக நின்றவை மூன்று பாறைத் தொடர்கள். அவற்றில் முதலாவது பத்ராசலத்துக்கு மேலே தும்மகூடத்தில் இருந்தது. கன்னவரம் பாலம் கட்டிய அதே ஹேய்க் ஆற்றை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். தும்மகூடத்தில் அணையும் படகு ஏறி இறங்கும் மடையும் கட்டத் தொடங்கினார்கள்.

ஆனால், காலம் வேறு பக்கம் ஓடியது. இரும்பின்மேல் ஓடியது. 1853-ல் பம்பாயில் ரயில் விட்டார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் வந்தது. 1860-களின் தொடக்கத்தில் வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரைக்கே போய்விட்டது. 1867-ல் பம்பாயிலிருந்து நாகபுரிக்கு ரயில் போயிற்று. காட்டன் எந்தப் பருத்தியை எண்ணிக் கனவு கண்டாரோ, அந்தப் பருத்தி ரயிலேறிப் பம்பாய்க்குப் போனது. கோதாவரியில் பாறைகளோடு செய்த போராட்டத்துக்குப் பணம் மேலும் மேலும் செலவானது. கோடையில் தண்ணீரோ போதவில்லை. 1871-ல் சர்க்கார் வேலையை நிறுத்திவிட்டது.

காட்டன் நினைத்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. துங்கபத்திரையிலிருந்து வெட்டிய கர்நூல் - கடப்பைக் கால்வாயும் அவருடைய யோசனைதான். அதற்காகக் கம்பெனி ஒன்று கூடியது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 1882-ல் சர்க்காரே அதை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. டெல்டாவில் பலித்த கணக்கு கரிசல் காட்டில் பலிக்கவில்லை.

ரயில் வந்த ஊரில் பஞ்சம்

ஆனால், அவருடைய கேள்வி ஒன்று மட்டும் அப்படியே நின்றது. ரயில் சோற்றைச் சுமந்து வரும், சோற்றை விளைவிக்குமா?

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லிப் பயந்த பஞ்சம் இதுதான். 1878 வரை அது நீடித்தது. அப்போது திருப்பத்தூர் தாலூகா சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. நாட்றம்பள்ளியும் அதில் அடக்கம். ரயில் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தானிய மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கத்தான் செய்தன. ஆனால், விலையைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். நிலத்தில் வேலை இல்லை. கையில் கூலி இல்லை. தண்டவாளத்துக்கு அருகிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தார்கள்.

1871-ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 66 ஆயிரம். 1881-ல் அது 15 லட்சத்து 99 ஆயிரம். கோதாவரியில் முன்பு நடந்தது இங்கே நடந்தது.

அதே பஞ்சத்தில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டாக்கள் தலை நிமிர்ந்து நின்றன. அங்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அங்கே விளைந்த அரிசி வெளி ஜில்லாக்களுக்கும் போயிற்று.

சீமையில் ஓய்விலிருந்த காட்டன் சும்மா இருக்கவில்லை. 1861-லேயே அவருக்குச் சர் பட்டம் கிடைத்திருந்தது. பட்டத்தோடு அவர் திருப்தி அடையவில்லை. 1878-ல் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிட்டி அமைத்தது. 75 வயதுக் கிழவர் அதன் முன்னால் போய் நின்றார். ரயிலுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் தண்ணீருக்குச் செலவிட்டிருந்தால் இத்தனை உயிர்கள் போயிருக்குமா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கமிட்டியார் அவர் கட்சியை ஏற்கவில்லை. அவருடைய திட்டங்கள் அளவு மீறியவை என்று எண்ணினார்கள். ஆனாலும், 1880-ல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், பஞ்சத்திலிருந்து மக்களைக் காக்கப் பாசனம் அவசியம் என்பதை ஒப்புக்கொண்டது.

தோட்டத்தில் கோதுமை

கடைசிக் காலத்தில் காட்டன் லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊரில் வசித்தார். தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை பயிரிட்டுப் பார்த்தார். கொஞ்ச நிலத்தில் அதிக விளைச்சல் எடுப்பது எப்படி என்பதுதான் தொண்ணூறு வயதிலும் அவருக்கு யோசனை. 1899-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, தம்முடைய 96-வது வயதில் காலமானார்.

தவளேஸ்வரத்தில் அவர் கட்டிய அணைக்குப் பதிலாக 1982-ல் புதிய அணை வந்தது. அதற்கும் அவர் பெயரையே வைத்தார்கள். சுமார் 10 லட்சம் ஏக்கர் அதனால் பாசனம் பெறுகிறது. டெல்டாவில் பல ஊர்களில் அவருக்குச் சிலை உண்டு. குதிரைமீது அமர்ந்திருக்கும் சிலைகளும் உண்டு. வெள்ளையர் ஆட்சி போன பிறகும் அந்தச் சிலைகளை மக்கள் அகற்றவில்லை. மே 15-ந் தேதி வந்தால் மாலை போடுகிறார்கள்.

பாபி மலைப் படகில் போகிறவர்கள் இன்று உல்லாசத்துக்காகப் போகிறார்கள். பருத்தி மூட்டை ஏற்றிய படகுகள் வரவேண்டிய வழியில், சாப்பாட்டுப் பொட்டலமும் கையுமாக மக்கள் மலையைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் கரைகளில் கொண்டா ரெட்டிகளும் கோயர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். கீழே பொலவரத்தில் எழும் பெரிய அணைக்காக அவர்களில் பலர் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது. ஆற்றைக் கட்டினால் ஒருவருக்குச் சோறு. இன்னொருவருக்கு வீடு போகிறது. காட்டன் போட்ட கணக்குகளில் எழுதப்படாத வரி அது.

திரும்பும் ரயில் காட்பாடியைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. பாலாறு மணலாகக் கிடக்கிறது. இங்கே கோதாவரி இல்லை. தவளேஸ்வரம் போல ஓர் அணை கட்டவும் வழி இல்லை. ஆனால், ஏரிகள் இருக்கின்றன. மழை பெய்தால் நிறைவதற்குக் காத்திருக்கும் ஏரிகள். பதினெட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த காட்டன், முதன்முதலில் கற்றுக்கொண்டது அத்தகைய ஏரிகளைத்தான். கரையைப் பலப்படுத்து, மதகைச் சீராக்கு, வரத்துக் கால்வாயைத் தூர்த்துவிடாதே என்பது அந்தப் பழைய பாடம். நாட்றம்பள்ளி விவசாயிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சீமையிலிருந்து ஒரு துரை வரவேண்டியதில்லை. அவருடைய பாட்டனாருக்கு அது தெரிந்திருந்தது.